மார்க்க மேற்படிப்பும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நம் பிள்ளைகள் அரபி மத்ரஸாக்களில் பல்லாண்டு ஓதி, பட்டமளிப்பு விழாவில் ஸனது பெற்று வெளியே வருகிறார்கள். அவர்களில் சிலர் அத்துடன் நின்று விடுவதில்லை. மேற்கொண்டு ஓத தேவ்பந்துக்கும், மதீனாவுக்கும், கெய்ரோ அல் அஸ்ஹருக்கும் செல்கிறார்கள். நம் நாட்டுப் பல்கலைக் கழகங்களில் எம்.ஏ. படித்து, ஆய்வேடு எழுதி, டாக்டர் பட்டமும் பெறுகிறார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் ஊரில் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். இத்தனை ஆண்டு ஓதியது போதாதா, இன்னும் எதற்காக ஓத வேண்டும் என்கிறார்கள். அந்தக் கேள்வியை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. எதற்காக என்பதுதான் நிய்யத்து. நிய்யத்து சரியாக இல்லாவிட்டால் தொழுகையே கூடாதென்றிருக்க, கல்வி மட்டும் எப்படிக் கூடும்?

இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்ற ஒரு பெரியாரை இம்மாதம் நாம் நினைவு கூர்வோம். அவர்கள்தாம் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றும் இமாம் அபூ ஹாமித் முஹம்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

தந்தையின் ஆசை

குராஸான் நாட்டிலே தூஸ் என்னும் நகரில் ஹிஜ்ரி 450ல், அதாவது கி.பி. 1058ல், இமாமவர்கள் பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூல் நூற்று, கடையில் வைத்து விற்றுப் பிழைத்தவர். அதிகம் ஓதாதவர். ஆயினும் ஆலிம்களின் சபை எங்கு நடந்தாலும் போய் உட்கார்ந்து விடுவார். ஃபிக்ஹு சபையிலும் வஅளு சபையிலும் கண்ணீர் வடித்து, ஒரு மகனை ஃபகீஹாகவும் ஒரு மகனை வாஇளாகவும் ஆக்கித் தருமாறு அல்லாஹ்விடம் துஆச் செய்வாராம். அந்த ஏழையின் துஆ வீண்போகவில்லை. மூத்தவர் முஹம்மது உலகம் போற்றும் ஃபகீஹானார். இளையவர் அஹ்மது கேட்பவர் கல்பை உருக்கும் வாஇளானார்.

தந்தையார் மரணத் தறுவாயில் இரு சிறுவர்களையும் ஸூஃபியான தம் நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து, தாம் வைத்திருந்த சிறு பணத்தையும் கொடுத்து, அவர்களை ஓதவைக்கும்படி வஸிய்யத்துச் செய்தார். பணம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. நண்பரும் ஏழை. அதனால் மாணவருக்கு உணவளிக்கும் ஒரு மத்ரஸாவில் போய்ச் சேருமாறு பிள்ளைகளுக்கு அவர் யோசனை சொன்னார். அப்படியே சேர்ந்தார்கள். ஆக, ஆரம்பத்தில் தம்மை மத்ரஸா வாசலுக்குக் கொண்டு சேர்த்தது வயிற்றுப் பசிதான் என்பதை இமாமவர்கள் பிற்காலத்தில் மறைத்ததில்லை. அல்லாஹ்வுக்காக அன்றி வேறொன்றுக்காகக் கல்வியைத் தேடப் போனதாகவும், கல்வியோ அல்லாஹ்வுக்கன்றி வேறெதற்கும் இணங்க மறுத்து விட்டதாகவும் கூறுவார்களாம். வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். அவர்களின் சரித்திரம் முழுவதும் இதன் விரிவுரைதான்.

கொள்ளையன் தந்த பாடம்

தூஸில் அஹ்மத் ராதகானீ அவர்களிடம் ஃபிக்ஹின் ஆரம்பப் பாடங்களை ஓதி முடித்து, ஜுர்ஜான் சென்று அங்கு ஓர் உஸ்தாதிடம் ஓதினார்கள். அக்காலத்தில் மாணவர்கள் உஸ்தாதின் தர்ஸைக் கேட்டுக் குறிப்பெழுதி வைப்பார்கள். அதற்கு தஃலீக் என்று பெயர். ஒரு மாணவனின் பல ஆண்டு உழைப்பு முழுவதும் அந்த ஏடுகளில்தான் இருக்கும்.

ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் மறித்தனர். கையிலிருந்த யாவும் பறிபோயின. குறிப்பேடுகள் இருந்த பையும் போயிற்று. இளம் மாணவர் கொள்ளையரைப் பின்தொடர்ந்து ஓடினார். தலைவன் திரும்பிப் பார்த்து, உயிர் வேண்டுமானால் திரும்பிப் போகும்படி மிரட்டினான். மற்றவை எல்லாம் போகட்டும், அந்தப் பையை மட்டும் தந்து விடுமாறு இவர் மன்றாடினார். அதில் என்ன இருக்கிறது என்று அவன் விசாரித்தான். ஊர் விட்டு ஊர் சென்று கற்ற கல்வியெல்லாம் அதில்தான் இருப்பதாக இவர் சொன்னார். அவன் சிரித்து விட்டான். ஏட்டைப் பறித்ததும் கல்வியே போய்விடுமானால், கற்றதாக எப்படிச் சொல்லிக் கொள்ள முடியும் என்பது அவன் கேள்வியின் சாரம். சிரித்துவிட்டுப் பையைத் திருப்பித் தரச் சொன்னான்.

அவனைப் பேச வைத்தவன் அல்லாஹ்தான் என்றே இமாமவர்கள் கருதினார்கள். தூஸுக்கு வந்து மூன்று ஆண்டுகள் வேறு வேலையின்றி உட்கார்ந்து, எழுதியவை அனைத்தையும் மனனம் செய்து முடித்தார்கள். இனி எந்தக் கொள்ளையனும் பறிக்க முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் அடுத்த உஸ்தாதைத் தேடிப் புறப்பட்டார்கள்.

பரீட்சை முடிந்த மறுநாளே பாடத்தை மறந்து விடும் நம் மாணவர்கள் இந்த மூன்று ஆண்டுகளைச் சற்றே யோசித்துப் பார்க்க வேண்டும்.

இமாமுல் ஹரமைன் அவர்களின் சபையில்

நைஸாபூர் அந்நாளில் கல்வியின் கடைத்தெருவாக விளங்கிற்று. ஸல்ஜூக் மன்னர்களின் வஜீர் நிஜாமுல் முல்க் அவர்கள் இமாம் ஜுவைனீ (ரஹ்) அவர்களுக்காகவே அங்கு ஒரு நிஜாமிய்யா மத்ரஸாவைக் கட்டியிருந்தார். மக்காவிலும் மதீனாவிலும் சில ஆண்டுகள் தங்கித் தர்ஸ் நடத்தியதால் ஜுவைனீ அவர்களுக்கு இமாமுல் ஹரமைன் என்று பெயர் வந்தது.

இன்று நாம் மேற்படிப்பு என்று சொல்வதன் அன்றைய வடிவம் இதுதான். ஆரம்ப மாணவர், இடைநிலை மாணவர், முடிவு நிலை மாணவர் என்று தரம் உண்டு. உஸ்தாது நடத்திய பாடத்தை மற்றவர்க்குத் திரும்ப ஓதிக் காட்ட முஈது என்று ஒருவர் இருப்பார். ஃபிக்ஹில் தேறிய மாணவர் உஸ்தாதின் ஸுஹ்பத்தில் இன்னும் பல ஆண்டுகள் இருந்து, கருத்து வேறுபாடுள்ள மஸ்அலாக்களை அலசி, முனாளரா எனும் விவாதத்தில் பயிற்சி பெறுவார். இறுதியில் தர்ஸ் நடத்தவும் ஃபத்வா வழங்கவும் உஸ்தாது இஜாஸத்துத் தருவார். இஜாஸத்து என்பது மனிதர் மனிதருக்குத் தருவது. எந்தக் கட்டடமும் அதைத் தருவதில்லை.

இந்தச் சபையில் கஸ்ஸாலி அவர்கள் ஃபிக்ஹு, உஸூல், இல்முல் கலாம், மன்திக் யாவற்றையும் கற்றுத் தேர்ந்தார்கள். உஸ்தாது தம் மூன்று சிறந்த மாணவர்களைப் பற்றிப் பேசும்போது, ஒருவரை நெருப்புக்கும், ஒருவரைச் சிங்கத்துக்கும் ஒப்பிட்டு, கஸ்ஸாலியை ஆழ்கடலுக்கு ஒப்பிட்டார்களாம். மாணவர் அல் மன்கூல் என்ற உஸூல் நூலை எழுதிக் கொண்டுவந்து காட்டியபோது, தாம் சாகுமுன்பே தம்மைப் புதைத்து விட்டதாக உஸ்தாது அன்போடு கடிந்து கொண்டார்கள் என்றும் சொல்வார்கள்.

ஹிஜ்ரி 478ல் (கி.பி. 1085) இமாமுல் ஹரமைன் வஃபாத்தானார்கள். அப்போது அவர்களிடம் ஓதிக் கொண்டிருந்த சுமார் 400 மாணவர்கள் துயரம் தாங்காமல் தங்கள் எழுதுகோல்களையும் மைக்கூடுகளையும் உடைத்துப் போட்டனராம்.

பக்தாதின் உச்சியில்

உஸ்தாதின் மறைவுக்குப் பிறகு கஸ்ஸாலி அவர்கள் வஜீர் நிஜாமுல் முல்க்கின் முகாமுக்குச் சென்றார்கள். அங்கே பேரறிஞர்கள் கூடி விவாதிப்பார்கள். எல்லா விவாதங்களிலும் இவர்களே வென்றார்கள். ஹிஜ்ரி 484ல் (கி.பி. 1091) பக்தாத் நிஜாமிய்யாவின் முதர்ரிஸாக வஜீர் அவர்களை நியமித்தார். அப்போது அவர்களின் வயது முப்பத்து நான்குதான். ஹிஜ்ரி 459ல் திறக்கப்பட்ட அந்த மத்ரஸாவின் பதவிக்கு மேல், ஓர் ஆலிம் ஆசைப்படத்தக்க பதவி அன்றைய உலகில் இருக்கவில்லை எனலாம்.

முந்நூறு மாணவர்கள் அவர்கள் முன்னால் உட்கார்ந்து ஓதினார்கள். கலீஃபாவின் அரண்மனையில் மதிப்பு. அமீர்களின் கூட்டத்தில் மரியாதை. இத்தனைக்கும் இடையே தர்ஸும் எழுத்தும் போக மிஞ்சிய நேரத்தில் உஸ்தாது எவருமின்றித் தத்துவ நூல்களைத் தாமே படித்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் அதன் அடிவரை சென்றார்கள். மேலும் ஓராண்டு அதைச் சிந்தித்தார்கள். முதலில் தத்துவவாதிகள் சொல்வது என்ன என்பதை மகாஸிதுல் ஃபலாஸிஃபா என்ற நூலில் நேர்மையாக எடுத்தெழுதினார்கள். பிறகே தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா என்ற நூலில் இருபது பிரச்சினைகளில் அவர்களை மறுத்தார்கள்.

இதிலே மேற்படிப்பு மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்றுண்டு. எதிர்க் கருத்தை உள்ளபடி அறிந்த பிறகே மறுக்க வேண்டும், அறியாமல் மறுப்பது இருட்டில் அம்பெய்வதாகும் என்பது இமாமவர்களின் முறை. கணிதத்தையும் கிரகணக் கணக்கையும் அவர்கள் மறுக்கவில்லை. மார்க்கத்துக்கு உதவுவதாக எண்ணிக் கொண்டு அவற்றை மறுக்கும் அறிவிலித் தோழனால் மார்க்கத்துக்குக் கேடுதான் விளையும் என எச்சரித்தார்கள்.

நாவு கட்டுண்ட நாட்கள்

வெளியே இத்தனைப் புகழ். உள்ளே என்ன நடந்தது? அதைத் தாமே அல் முன்கிது மினள் ளலால் என்ற நூலில் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

உறுதியான அறிவு எது என்று அவர்கள் தேடினார்கள். கண் பார்ப்பதையும் நம்ப முடியவில்லை. நட்சத்திரம் ஒரு நாணயம் அளவே கண்ணுக்குத் தெரிகிறது. கணக்கிட்டால் அது பூமியை விடப் பெரியது. கண் ஏமாற்றுகிறது என்றால் அறிவு மட்டும் ஏமாற்றாது என்பதற்கு என்ன ஜாமீன்? இந்தச் சந்தேகம் இரண்டு மாதங்கள் அவர்களை வாட்டிற்று. வாதத்தால் அது தீரவில்லை. அல்லாஹ் கல்பில் போட்ட ஒளியால் தீர்ந்தது.

அதன்பின் உண்மையைத் தேடுவோர் எனக் கலாம் அறிஞர், பாத்தினிய்யாக்கள், தத்துவவாதிகள், ஸூஃபிகள் ஆகிய நால்வகையாரையும் ஆராய்ந்தார்கள். அபூ தாலிப் மக்கீ, ஹாரிது முஹாஸிபீ, ஜுனைத் பக்தாதீ (ரஹ்) போன்ற பெரியார்களின் நூல்களைப் படித்தார்கள். படித்ததில் ஒரு விஷயம் புலப்பட்டது. ஸூஃபிகளின் கல்வியில் ஏட்டால் பெறத்தக்கதைத் தாம் பெற்றாயிற்று. மிச்சமிருப்பது ஏட்டில் இல்லை. ஆரோக்கியத்தின் இலக்கணத்தை அறிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு அல்லவா?

பின்பு தம் தர்ஸின் நிய்யத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அது அல்லாஹ்வுக்காக இல்லை, பதவிக்கும் பெயருக்குமாக இருந்தது என்று கண்டார்கள். இடியும் கரையின் விளிம்பில் நிற்பதாக உணர்ந்தார்கள். ஹிஜ்ரி 488, ரஜப் தொடங்கிச் சுமார் ஆறு மாதம் போராட்டம். காலையில் போய்விடுவோம் என்று உறுதி. மாலையில் அந்த உறுதி கலைந்து விடும். ஒரு கால் முன்னே வைத்தால் மறு கால் பின்னே இழுத்தது.

இறுதியில் அல்லாஹ் அவர்களின் நாவைப் பூட்டினான். மாணவர்களின் மனம் கோணாதிருக்க ஒரு நாளேனும் பாடம் நடத்தி விடலாம் என முயன்றாலும் ஒரு சொல் வரவில்லை. உணவு இறங்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை. உடல் தளர்ந்தது. நோய் உடலில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது என்று கூறி வைத்தியர்கள் கைவிட்டார்கள். பேச்சாலேயே உலகை வென்ற ஒருவருக்குப் பேச்சே நின்று போயிற்று. அப்போதுதான் வேறு வழியற்றவராய் ரப்பிடம் திரும்பினார்கள். பதவியையும் பொருளையும் துறப்பது அதன்பின் எளிதாயிற்று.

அதே ஆண்டு துல்கஅதா மாதம் (கி.பி. 1095) மக்காவுக்குப் போவதாகச் சொல்லிக் கொண்டு, ஷாம் செல்லும் எண்ணத்துடன் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். பிள்ளைகளுக்குத் தேவையான அளவு வைத்துவிட்டு மற்றப் பொருளைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். தம்பி அஹ்மது அவர்கள் அண்ணனுக்குப் பகரமாக மத்ரஸாவில் தர்ஸ் நடத்தினார்கள்.

பதினோர் ஆண்டுகள்

திமிஷ்கு ஜாமிஉ பள்ளியின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக் கொண்டு பகலெல்லாம் தனித்திருப்பார்கள். பிறகு பைத்துல் முகத்தஸ் சென்று, அங்கே குப்பத்துஸ் ஸக்ராவிலும் அவ்வாறே தனித்திருந்தார்கள். கலீல் நகரில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் கப்ரு ஷரீஃபில் ஹிஜ்ரி 489ல் மூன்று உறுதிகள் எடுத்துக் கொண்டார்கள். அரசர்களின் பணத்தைப் பெறுவதில்லை, அரச சபைக்குப் போவதில்லை, விவாதத்தில் இறங்குவதில்லை. பின்பு ஹஜ்ஜு செய்து, ரவ்ளா ஷரீஃபை ஜியாரத்துச் செய்தார்கள்.

ஹிஜ்ரி 490ல் (கி.பி. 1097) சிறிது காலம் பக்தாதில் தங்கினார்கள். எங்கே தங்கினார்கள் தெரியுமா? நிஜாமிய்யாவுக்கு எதிரே இருந்த ஒரு ரிபாத்தில், ஸூஃபிகளின் தங்குமிடத்தில்! ஸ்பெயின் நாட்டிலிருந்து கல்வி தேடி வந்த அபூபக்ர் இப்னுல் அரபீ அவர்கள் அங்குதான் அவர்களைக் கண்டு பாடம் கேட்டார்கள். தாம் ஆண்ட மத்ரஸாவின் வாசலைப் பார்த்துக் கொண்டே, அதனுள் நுழையாமல் இஹ்யாவை ஓதிக் கொடுத்தார்கள்.

இஹ்யா உலூமித்தீன் அந்தத் துறவின் கனியாகும். நான்கு பகுதிகள், நாற்பது கிதாபுகள். அதன் முதல் கிதாபே கல்வியைப் பற்றியதுதான். எந்தக் கல்வி ஒவ்வொருவர் மீதும் ஃபர்ளு ஐன், எது ஃபர்ளு கிஃபாயா என்று அதில் பிரித்துக் காட்டுகிறார்கள். ஊர்கள் பலவற்றில் முஸ்லிமான வைத்தியர் ஒருவர்கூட இல்லை, வைத்தியமும் ஃபர்ளு கிஃபாயாதான், ஆயினும் அதை ஓத ஆளில்லாமல் எல்லோரும் ஃபிக்ஹு விவாதங்களுக்கே கூட்டம் கூட்டமாக ஓடுவது ஏன் என்று கேட்கிறார்கள். வக்ஃபுச் சொத்தின் நிர்வாகமும் காஜி பதவியும் அதனால்தான் கிடைக்கும் என்பதே காரணம் என்று ஒளிவு மறைவின்றிச் சொல்கிறார்கள். விவாதம் செய்பவர், காணாமற் போன பொருளைத் தேடுபவர் போல இருக்க வேண்டும் என்கிறார்கள். அதைக் கண்டெடுத்துக் கொடுத்தது தானா எதிராளியா என்று பாராமல் மகிழ வேண்டும். இந்த அளவுகோலை நம் மேடை விவாதங்களுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் நம் தலை தானே குனிந்து விடும்.

மீண்டும் தர்ஸ்

அல்லாஹ்வைத் தேடிப் போனவர் கடைசிவரை மூலையிலேயே உட்கார்ந்து விட்டார் என்று யாரும் எண்ண வேண்டாம். ஹிஜ்ரி 499ல் (கி.பி. 1106) நிஜாமுல் முல்க்கின் மகனான வஜீர் ஃபக்ருல் முல்க் அவர்கள் நைஸாபூர் நிஜாமிய்யாவில் தர்ஸ் நடத்த வற்புறுத்தி அழைத்தார். மக்களின் ஈமான் தளர்ந்து வருவதை இமாமவர்களும் கண்டிருந்தார்கள். உள்ளம் தெளிந்த பெரியார்களிடம் கலந்து ஆலோசித்து ஒப்புக் கொண்டார்கள். பக்தாதை விட்டதும் துல்கஅதா, தர்ஸுக்குத் திரும்பியதும் துல்கஅதா. இடையில் பதினோர் ஆண்டுகள்.

பார்ப்பவர் கண்ணுக்கு அது திரும்பி வருவதாகத்தான் தெரியும். அவர்களோ அதைத் திரும்புதல் என்று கருதவில்லை. முன்பு பதவியைத் தேடித் தரும் கல்வியைப் போதித்ததாகவும், இப்போது பதவியை விடச் செய்யும் கல்விக்கு அழைப்பதாகவும் எழுதினார்கள். கிதாபு மாறவில்லை, மஸ்அலா மாறவில்லை. நிய்யத்து மாறியது.

இது உண்மையா, நடிப்பா? நைஸாபூரின் சரித்திர ஆசிரியர் அப்துல் ஃகாஃபிர் ஃபாரிஸீ அவர்களுக்கே இந்த ஐயம் இருந்தது. முன்னாளில் கஸ்ஸாலியிடம் இருந்த செருக்கையும் பிறரைத் துச்சமாக மதிக்கும் குணத்தையும் அவர் நேரில் அறிந்தவர். பலமுறை போய்ப் பார்த்துச் சோதித்தார். பணிவு வேஷமல்ல, அந்த மனிதர் மெய்யாகவே மாறிவிட்டார் என்று கண்டு எழுதி வைத்தார்.

பின்பு இமாமவர்கள் தூஸுக்குத் திரும்பி, வீட்டருகே மாணவருக்கு ஒரு மத்ரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு கான்காவும் அமைத்தார்கள். ஹிஜ்ரி 504ல் மீண்டும் பக்தாதிலிருந்து அழைப்பு வந்தபோது, தூஸில் ஓதிக் கொண்டிருந்த 150 மாணவர்களையும் குடும்பப் பொறுப்பையும், கலீல் நகரில் செய்த உறுதிகளையும் காரணம் காட்டி மறுத்து எழுதினார்கள்.

மாணவருக்கு ஒரு கடிதம்

அவர்களிடம் நெடுங்காலம் ஓதிப் பல கலைகளில் தேர்ந்த மாணவர் ஒருவருக்கு ஒரு நாள் கவலை பிறந்தது. இத்தனை கற்றோமே, நாளைக் கப்ரில் இதில் எது நமக்குத் துணை நிற்கும் என்று உஸ்தாதுக்கே எழுதிக் கேட்டார். அதற்கு எழுதிய பதில்தான் அய்யுஹல் வலத் என்ற சிறு நூல். அமல் இல்லாத இல்மு கைகொடுக்காது என்பது அதன் உயிர்நாடி. வனாந்தரத்தில் சிங்கம் பாயும்போது, இடுப்பில் எத்தனை வாள் இருந்தாலும் உருவி வீசாதவனுக்கு என்ன பயன் என்ற உவமையால் அதை விளக்குகிறார்கள். மாணவரை மேலும் மேலும் கற்க வேண்டாம் என்று அவர்கள் தடுக்கவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து முதாலஆ செய்தது எதற்காக என்று கணக்குப் பார்க்கத்தான் சொல்கிறார்கள்.

கடைசி நாட்கள்

தம் இறுதிக் காலத்தில் இமாமவர்கள் என்ன செய்தார்கள்? புகாரீ, முஸ்லிம் கிதாபுகளை வைத்துக் கொண்டு ஹதீஸ் ஓதத் தொடங்கினார்கள்! தம் காலத்தின் மிகப் பெரிய ஆலிம் ஒரு மாணவராக உட்கார்ந்தார்கள்.

ஹிஜ்ரி 505, ஜமாதுல் ஆகிர் பிறை 14, திங்கட்கிழமை. கி.பி. 1111 டிசம்பர் 18. உளுச் செய்து ஸுப்ஹு தொழுதபின் கஃபனைக் கொண்டுவரச் சொல்லி, வாங்கிக் கண்களில் ஒற்றி, ரப்பின் அழைப்பை ஏற்பதாகக் கூறி, கிப்லாவை நோக்கிப் படுத்து உயிர் துறந்தார்கள் என்று தம்பி அஹ்மது அவர்கள் அறிவிக்கிறார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது ஐம்பத்தைந்து. பெண்மக்களை மட்டுமே விட்டுச் சென்றார்கள்.

நம் கரையோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபில் அமல் செய்யும் நாம் அனைவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். அவர்கள் எழுதிய வஜீஸ் என்ற ஃபிக்ஹு நூலுக்கு இமாம் ராஃபிஈ (ரஹ்) பெரியதொரு ஷரஹு எழுத, அதை இமாம் நவவீ (ரஹ்) ரவ்ளாவாகச் சுருக்கித் தந்தார்கள். நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஷாஃபிஈ கிதாபுகளின் வேரில் இம்மூவரின் உழைப்பும் இருக்கிறது.

ஆகவே மேற்படிப்புக்குச் செல்லும் நம் இளம் மௌலவிகளுக்கு நாம் சொல்லக் கூடியது இதுதான். போங்கள், நன்றாக ஓதுங்கள். எதிர்க் கருத்தையும் அடிவரை படியுங்கள். பட்டமும் பெறுங்கள். பட்டம் ஹராமல்ல, சம்பளமும் ஹராமல்ல. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது தனியே உட்கார்ந்து நிய்யத்தைப் புரட்டிப் பாருங்கள். அது கோணலாக இருந்தால் ஓதுவதை விட்டுவிட வேண்டாம், நிய்யத்தைத் திருத்திக் கொள்ளுங்கள். சோற்றுக்காக மத்ரஸா வாசலில் நின்ற சிறுவரை ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் ஆக்கிய ரப்பு, உங்களையும் கைவிட மாட்டான்.

பயன்தரும் கல்வியையும், கற்றபடி நடக்கும் நற்பேற்றையும், நிய்யத்தில் இக்லாஸையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.